கிமோனோவும் எங்கள் கூறைச்சேலையும்

லண்டனுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் செலவில்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய இடங்களில் ஒன்று, சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலை. நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் தையல் பக்டரியில் வேலை செய்யும் நாலு குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். யப்பானியப் பகுதியில் கிமோனோக்களின் முன்னால்தான் கூடிய நேரம் நின்றோம்.

கிமோனோ என்றால் 'உடுத்தும் பொருள்' என்று அர்த்தம். ஏறக்குறைய 12 மீற்றர் நீளமும் 36 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரே துணிச் சுருளில் அதைத் தைக்கிறார்கள். வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுவதால் துணி வீணாவதில்லை. வெட்டுத் துண்டுகளை நாளாந்தம் மூட்டை மூட்டையாக எறியும் எங்களுக்கு இது பெரிய ஆச்சரியம்.

பழைய வழக்கப்படி, தோய்ப்பதற்குத் தையலைப் பிரித்து, துண்டுகளை இழுத்துக் காயவிட்டு, திரும்பவும் தைப்பார்கள். தாயின் கிமோனோவை இப்படிப் பிரித்து மகளுக்கு அளவாகவும் தைக்கலாம். உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு மட்டுமே. தொங்கும் நீளக் கை திருமணமாகாத பெண்ணுக்கு உரியது.

எடோ காலத்தில் (1603-1868) வியாபாரிகள் ஆடம்பரமாக உடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் வெளியே சாதாரண துணியும் உள்ளே உயர்ந்த பட்டுமாக உடுத்தார்கள்.

இதில் எங்கள் பக்கத்துக் கதையும் உண்டு. அக்காலத்தில் ஒல்லாந்தரின் கப்பல்கள் சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணியை நாகசாகிக்குக் கொண்டு போயின. சென்னையின் சாந்தோம் பெயரால் யப்பானியர் அதைச் 'சந்தோமே' என்றார்கள். பிறகு தாங்களே நெய்தபோதும் அந்தப் பெயரை மாற்றவில்லை.

"இப்போது ஏன் இதைத் தினமும் உடுப்பதில்லை?" என்று எங்கள் பிள்ளை ஒன்று கேட்டது. வேலைக்கு மேல்நாட்டு உடுப்பு, கலியாணத்துக்கும் இருபது வயதுக் கொண்டாட்டத்துக்கும் கிமோனோ என்று சொன்னோம். எங்களைப் பற்றியே சொல்வதுபோல இருந்தது.

சாயம் வெளிறாமல் இருக்க அங்கே வெளிச்சத்தை மங்கலாக வைத்திருக்கிறார்கள். எங்களில் சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரு கூறைச்சேலை மட்டும்தான். அதையும் வெயில் படாமல் பருத்தித் துணியில் சுற்றி, இடைக்கிடை மடிப்பை மாற்றி வைப்போம். மடிப்பு மாற்றும் நாளில் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, அது யார் எடுத்த சேலை, எந்தக் கடையில் எடுத்தது, யாருடைய கலியாணத்துக்கு எடுத்தது என்று சொல்லிக் கொடுப்போம். அந்தக் கதை தெரியாத பிள்ளைக்கு அது வெறும் துணிதான்.