நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் புரோபயாடிக் கொடுப்பது எப்படி?

திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் நெல், காய்கறி சாகுபடியோடு நாட்டுக்கோழியும் வளர்க்கும் விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். சென்னை பக்கத்திலேயே இருப்பதால் நாட்டுக்கோழிக்கும் முட்டைக்கும் விற்பனைக்குக் குறையில்லை. ஆனால், பொரிப்பகத்தில் இருந்து நூறு, இருநூறு என்று குஞ்சு வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில்தான் இழப்பைச் சந்திக்கிறார்கள். கழிச்சல், ஆசனவாயில் எச்சம் ஒட்டிக்கொள்ளுதல், தீவனம் எடுக்காமல் ஒடுங்கி நிற்றல் என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும்.

இதைத் தடுக்க, குஞ்சு வந்த அன்றே ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்துவிடும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. நோயே இல்லாத குஞ்சுக்கு அதைக் கொடுப்பதால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். அந்த முதல் நாட்களில் குஞ்சின் குடலுக்குத் தேவைப்படுவது நல்ல நுண்ணுயிர்கள். அதற்கான காரணத்தையும், செய்ய வேண்டியதையும் பார்ப்போம்.

தாய்க்கோழி கொடுப்பதும், இயந்திரம் கொடுக்காததும்

முட்டையில் இருந்து வெளியே வரும் குஞ்சின் குடலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. அடைக்கோழியின் கீழ் பொரித்த குஞ்சு, தாயின் இறகு, எச்சம், அது கிளறும் மண் ஆகியவற்றைக் கொத்தி, ஓரிரு நாட்களிலேயே தாயின் குடலில் உள்ள நுண்ணுயிர்களைப் பெற்றுவிடும். இன்குபேட்டரில் 21 நாட்கள் இருந்து பொரித்த குஞ்சுக்கு இந்த வாய்ப்பு இல்லை. சுத்தம் செய்த முட்டை, சுத்தம் செய்த இயந்திரம், பிறகு அட்டைப்பெட்டி, அதற்குப் பிறகு உங்கள் கொட்டகை. அதன் குடல் காலியான வயலைப் போன்றது. நாம் விதைக்காவிட்டால் களை முளைக்கும். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கெட்ட பாக்டீரியாக்கள்தான் அந்தக் களை.

இதைத் தெளிவாகக் காட்டியது பின்லாந்து நாட்டு ஆய்வு. 1971-ல் அங்கே கறிக்கோழிகளில் சால்மோனெல்லா பரவியது. நூர்மி, ரந்தாலா என்ற இரு ஆய்வாளர்கள், நன்கு வளர்ந்த கோழியின் குடலில் இருந்த நுண்ணுயிர்களைப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது அது அந்தக் குஞ்சுகளின் குடலில் எளிதில் இடம்பிடிக்க முடியவில்லை. இந்த முடிவை 1973-ல் வெளியிட்டார்கள். கோழிகளுக்கு இன்று விற்கப்படும் புரோபயாடிக்குகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

இதைப் படித்துவிட்டு பழைய கோழிகளின் கூளத்தைக் குஞ்சுக் கொட்டகையில் கொட்டிவிடாதீர்கள். அதில் ரத்தக்கழிச்சல், வெள்ளைக்கழிச்சல் நோய்க்கிருமிகளும் இருக்கலாம்.

நல்ல நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றன?

லாக்டோபேசில்லஸ் போன்றவை குடல் சுவரில் இடம்பிடித்து, கெட்ட கிருமிகள் ஒட்டுவதைத் தடுக்கின்றன. அவை உண்டாக்கும் லாக்டிக் அமிலம் குடலில் புளிப்புத் தன்மையைக் கூட்டுகிறது. அந்தப் புளிப்பில் பல நோய்க்கிருமிகள் பெருக முடியாது. உடலின் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடலை ஒட்டியே இருப்பதால், நல்ல நுண்ணுயிர்கள் அவற்றுக்குப் பயிற்சியும் கொடுக்கின்றன.

கோழிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஆசனவாய்க்கு மேலே பர்சா என்ற சிறிய பை இருக்கிறது. நோய்க்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் செல்கள் இங்கேதான் முதிர்கின்றன. மனித மருத்துவத்தில் சொல்லப்படும் ‘பி செல்’ என்ற பெயரே இந்தப் பர்சாவில் இருந்து வந்ததுதான். கம்போரோ நோய் தாக்குவது இந்தப் பையைத்தான். பர்சா கெட்டுவிட்டால் எந்தப் புரோபயாடிக்காலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எனவே, புரோபயாடிக் தடுப்பூசிக்கு மாற்று அல்ல என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு வருவதற்கு முன்

* கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, காய்ந்த நெல் உமியை 2 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள்.
* தண்ணீர்த் தட்டுகளை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால், நல்ல தண்ணீரில் மீண்டும் அலசி வெயிலில் காயவையுங்கள். குளோரின் நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிடும்.
* புரூடரில் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். குளிரில் நடுங்கும் குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் பலன் இருக்காது.

முதல் ஐந்து நாட்கள்

* கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில், கோழிக்கான புரோபயாடிக்கைப் பாக்கெட்டில் உள்ள அளவுப்படி கலந்து கொடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை இருந்தால் கலக்காதீர்கள்.
* கலந்த தண்ணீரை நான்கைந்து மணி நேரத்தில் குஞ்சுகள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.
* அதே தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கக் கூடாது. ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும்; இரண்டுக்கும் கொடுத்த காசு வீண்.
* ஐந்து நாட்களுக்குப் பிறகு தொடர்ந்து கொடுக்க வேண்டியதில்லை. தீவனம் மாற்றும்போது, கடும் வெயில் காலத்தில், மருத்துவர் சொல்லிக் கொடுத்த ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு, மூன்று முதல் ஐந்து நாட்கள் கொடுத்தால் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பாக்கெட்டில் நுண்ணுயிரின் பெயர், உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, காலாவதி தேதி ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எண்ணிக்கையை சி.எஃப்.யூ. என்று போட்டிருப்பார்கள். லாக்டோபேசில்லஸ் வெப்பத்தைத் தாங்காது. வெயில் படும் அலமாரியில் கிடந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் வித்து வடிவில் இருப்பதால் ஓரளவு வெப்பத்தைத் தாங்கும்.

தயிர், மோர் போதாதா?

வீட்டுத் தயிரிலும் லாக்டிக் அமில பாக்டீரியா உண்டு. ஆனால், அவை பாலில் வளர்ந்து பழகியவை. கோழிக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை. அதோடு, பால் சர்க்கரையைக் கோழியால் சரியாகச் செரிக்க முடியாது. அதிகம் கொடுத்தால் அதுவே கழிச்சலாகும். வளர்ந்த கோழிகளுக்கு வெயில் காலத்தில் நீர்மோர் கொஞ்சம் கொடுப்பதில் தவறில்லை. அதைத் தகரத் தட்டில் வைக்காமல் மண் சட்டியிலோ பிளாஸ்டிக் தட்டிலோ வையுங்கள். மோரின் புளிப்பு, தகரத்தின் மேல் உள்ள துத்தநாகப் பூச்சைக் கரைக்கும்.

ஆன்டிபயாடிக்கை ஏன் குறைக்க வேண்டும்?

ஆன்டிபயாடிக்குக்கு நல்லது, கெட்டது தெரியாது. இரண்டையும் அழித்துவிடும். தப்பிப் பிழைக்கும் கிருமி, அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காது. அந்தக் கிருமி கோழியோடு நிற்பதில்லை. எச்சத்தை அள்ளும் உங்கள் கைக்கும் வீட்டுக்கும் வரும். மனிதர்களுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை, கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடைவிதித்தது இதனால்தான். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் இருந்தே நிறுத்திவிட்டது.

தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்

5 முதல் 7 நாட்களுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா அல்லது எஃப் ரகச் சொட்டு மருந்து, 14 நாட்கள் வாக்கில் கம்போரோ, நான்காவது வாரத்தில் மீண்டும் லசோட்டா, எட்டாவது வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் ஊசி. புரோபயாடிக் கொடுப்பதால் இதில் எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. புறக்கடைக் கோழிகளுக்குக் கால்நடைத் துறை நடத்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் உங்கள் ஊரில் எப்போது என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எச்சத்தில் ரத்தம், பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், கழுத்து திருகுதல், ஒரே நாளில் நான்கைந்து குஞ்சுகள் சாவது. இவற்றில் எதைக் கண்டாலும் புரோபயாடிக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். செத்த குஞ்சை பிளாஸ்டிக் பையில் கட்டி, அன்றே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். பரிசோதித்த பிறகு ஆன்டிபயாடிக் தேவை என்று மருத்துவர் சொன்னால், சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

கோழி வளர்ப்புப் பயிற்சி வேண்டுவோர் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மாதவரம் அல்லது காட்டுப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மையங்களையோ நேரில் அணுகலாம். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது முதலில் 50 குஞ்சுகளில் இந்த முறையைச் செய்து பாருங்கள். எத்தனை வந்தன, எத்தனை செத்தன, மருந்துக்கு எவ்வளவு செலவானது என்று தினமும் நோட்டில் எழுதிவையுங்கள். முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.