காற்றாலைத் தூணின் அடியில் என்ன நடக்கும்?

கல்லடிக்கு அப்பால் கடலில், ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் 'ஹேர்மிஸ்' கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. இன்று அதன் இரும்பில் முருகைகள் படர்ந்துள்ளன, மீன்கள் அடைகின்றன.

கடலில் நாட்டப்படும் காற்றாலைத் தூண்களும் இப்படித்தான். மணல் தரையில் கடினமான பரப்பு கிடைத்ததும் மட்டிகள் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி உண்கின்றன. அவற்றின் கழிவு அடியில் படிந்து மணலை வளமாக்குகிறது. பெல்ஜியக் கடலில் தூண்களுக்கு அருகே மணல் நுண்மையாகி, அதில் வாழும் சிற்றுயிர்கள் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இழுவைமடி தடுக்கப்படும் இடங்களில் கடலடிக்கும் ஓய்வு கிடைக்கிறது.

ஆனால் தூண் அறையும் பேரொலி மீன்களை விரட்டும். வெறும் மணலையே வீடாகக் கொண்ட உயிர்கள் இடமிழக்கும். அந்நிய இனங்களும் குடியேறலாம். மீன் கூடினாலும், அங்கே வலை போட அனுமதி இல்லையென்றால் மீனவருக்கு என்ன பயன்?

இலங்கைக்கான கடல் காற்றாலை வழிகாட்டித் திட்டத்தை உலக வங்கி 2023இல் வெளியிட்டது. எங்கு தூண் இறக்குவதானாலும், அதற்கு முன்பே கடலடி உயிர்களையும் மீன்பாட்டையும் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து கணக்கெடுக்க வேண்டும். முன்கணக்கு இல்லாவிட்டால், பின்னர் வரும் இழப்பை யாரிடமும் நிரூபிக்க முடியாது.