நம் மாநிலத்துக்குக் கொடி உண்டா?

திருவிழா என்றாலே முதலில் கொடியேற்றம்தான். ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னையின் திருக்கொடி ஏறுகிறது. திருவரங்கத்தில் கருடன் உருவம் எழுதிய கொடி ஏறுகிறது. நாகூர்க் கந்தூரியும் கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. கொடி ஏறிவிட்டால் ஊரே ஒரு குடும்பமாகிவிடுகிறது. "நாம் எல்லோரும் ஒன்று" என்று வாய் பேசாமல் சொல்வதே கொடியின் வேலை.

அன்புத் தோழியரே! நம் தமிழ்நாட்டுக்கு மாநில மரம் பனை. மாநில மலர் செங்காந்தள். விலங்கு வரையாடு. பறவை மரகதப் புறா. மாநிலப் பாடலும் உண்டு. ஆனால் மாநிலக் கொடி எது என்று யாரேனும் கேட்டால் என்ன விடை சொல்வோம்? "அப்படி ஒன்று இல்லை" என்பதே சரியான விடை. ஆனால் ஒரு காலத்தில் அது வரவிருந்தது. அந்த வரலாற்றையும், அக்கொடியின் பொருளையும் இங்கே காண்போம்.

கொடி தமிழருக்குப் புதிதல்ல. சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல் என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். நம் லால்குடியிலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்தால் சோழரின் பழைய தலைநகரான உறையூர். நாம் புலிக்கொடியின் நாட்டில் பிறந்தவர்கள். முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேட்டு முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது. அருகே இரண்டு கயல்களும், வில்லும் இருக்கின்றன. மூன்றும் ஒன்றாக இருப்பதைக் கண்டு மகிழத் தோன்றும். ஆனால் அது நட்பின் அடையாளம் அன்று. வென்றவன் தோற்றவர்களின் சின்னங்களைத் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது. மக்கள் ஆட்சியில் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. ஆகவே நமக்கு வேறு விதமான கொடி தேவைப்பட்டது.

1970ஆம் ஆண்டில் முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி அவர்கள் தமிழ்நாட்டுக்கென ஒரு கொடியின் மாதிரியைத் தில்லியில் வெளியிட்டார். அதில் ஒரு மூலையில் தேசியக் கொடி. இன்னொரு பகுதியில் மாநில அரசின் கோபுரச் சின்னம். "நாங்கள் இந்தியர், அதே நேரத்தில் தமிழர்" என்பதே அதன் பொருள் என்று நான் எண்ணுகிறேன். நாடு ஒன்றாக இருக்கும்போது மாநிலத்துக்குத் தனிக்கொடி எதற்கு என்று நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. கொடி மாதிரியோடு நின்றுவிட்டது.

அக்கொடியின் இரு உறுப்புகளையும் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது தேசியக் கொடி. பிங்கலி வெங்கய்யா 1921இல் காந்தியடிகளிடம் காட்டிய கொடியில் சிவப்பும் பச்சையும் இருந்தன. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்ற சமயத்தாருக்காக வெள்ளையையும் சேர்க்கச் சொன்னார் காந்தியடிகள். அந்த 'மற்ற சமயத்தார்' என்ற சொல்லுக்குள்தான் கிறிஸ்தவர்களாகிய நாமும் இருந்தோம்! ஆனால் இந்த நிறம் உனக்கு, அந்த நிறம் எனக்கு என்றால் கொடியே பங்கு பிரித்த நிலம் போல் ஆகிவிடும் அல்லவா? எனவே 1931இல் காங்கிரஸ் மகாசபை நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்று முடிவு செய்தது. காவி தைரியத்தையும் தியாகத்தையும், வெண்மை உண்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் குறிக்கும் என்றது. 1947 ஜூலை 22ஆம் நாள் இராட்டைக்குப் பதிலாக 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் இடம்பெற்றது. இப்போது எந்த நிறமும் தனி ஒருவருக்கு உரியதல்ல. எல்லா நிறமும் எல்லோருக்கும் உரியது.

இரண்டாவது கோபுரம். 1949ஆம் ஆண்டளவில் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த சின்னம் இது. கோபுரத்தின் முன்னே அசோகரின் சிங்கத் தூண்; இரு புறமும் தேசியக் கொடிகள்; கீழே 'வாய்மையே வெல்லும்' என்ற வாக்கு. அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பர் பலர். மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உண்டு.

எங்கள் பாடநூலில் இச்சின்னத்தைக் கண்ட ஒரு தோழி, "சிஸ்டர், இது கோயில் கோபுரம் ஆயிற்றே! நமக்கும் இதுதானா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது. எனக்கும் அதே கேள்வி உள்ளத்தில் இருந்தது, கேட்கத்தான் துணிவில்லை. சிஸ்டர் கோபிக்கவில்லை. "நீ எந்த ஊர்?" என்று கேட்டார்கள். "லால்குடி, சிஸ்டர்." "அந்தப் பெயர் எப்படி வந்தது?" என்றார்கள். திருத்தவத்துறை சப்தரிஷீசுவரர் கோயிலின் சிவந்த கோபுரத்தைக் கண்ட வடநாட்டுப் படையினர் 'லால்குடி' என்று அழைத்ததாக ஊரில் சொல்வார்களே, அந்தக் கதையை அவள் சொன்னாள். "கோபுரத்தின் பெயரைத் தினமும் முகவரியில் எழுதுகிறாய். அது உன் ஊர் என்பதில் உனக்குச் சந்தேகம் வந்ததுண்டா?" என்றார்கள் சிஸ்டர். அவள் சிரித்துவிட்டாள். கோபுரத்தை வழிபடுவது ஒருவரது சமயம். அதைக் கட்டிய கைகளின் திறமையோ தமிழர் அனைவரின் செல்வம். இதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிற மாநிலங்களிலும் கொடி முயற்சிகள் நடந்துள்ளன. சம்மு காசுமீருக்கு 1952 முதல் தனிக்கொடி இருந்தது. சிவப்புத் துணியில் வெள்ளைக் கலப்பை. அதன் மூன்று கோடுகள் சம்மு, காசுமீர், இலடாக்கு ஆகிய மூன்று பகுதிகளைக் குறித்தன. 2019இல் அது முடிவுக்கு வந்தது. கர்நாடக அரசு 2018இல் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களும் நடுவே இருதலைப் பறவையும் கொண்ட கொடியை வெளியிட்டது. மத்திய அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

அப்படியானால் 1970ஆம் ஆண்டு முயற்சி வீண்தானா? இல்லை. அதுவரை சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரில் ஆளுநரே கொடியேற்றி வந்தார். அந்த உரிமை மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர்களுக்கு வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது. 1974 ஆகஸ்டு 15 முதல் எல்லா மாநில முதலமைச்சர்களும் கொடியேற்றும் வழக்கம் வந்தது. நமக்கென்று கேட்ட கொடி கிடைக்கவில்லை. எல்லோருக்கும் என்று கேட்ட உரிமை கிடைத்தது!

தோழியரே! இன்னும் சில மாதங்களில் கோபுரச் சின்னம் பொறித்த மதிப்பெண் சான்றிதழ் நம் கைக்கு வரும். மதிப்பெண்களைப் பார்க்கும் அவசரத்தில் அச்சின்னத்தை மறந்துவிடாதீர்கள். அதன் கீழுள்ள 'வாய்மையே வெல்லும்' என்ற வாக்கையும் ஒரு முறை படியுங்கள். அதன்படி நடப்பவர் எவரோ, அவருக்கு உரியது அந்தக் கோபுரம்.

– பத்தாம் வகுப்பு மாணவி