பாக்கெட்டின் மேலே தர்மம், உள்ளே?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ மளிகைக் கடையில் நிற்கிறீர்கள். பிஸ்கட் பாக்கெட்டின் மேல், "ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு உதவுகிறோம்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மனம் இளகி அதையே வாங்கிவிடுகிறீர்கள். தர்மத்துக்குத் தர்மம், வியாபாரத்துக்கு வியாபாரம்! ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமா?

2014 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குக் குறையாமல் லாபம் காணும் கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆகவே, 'தர்மம் செய்ததால் லாபம் வந்தது' என்று மயங்க வேண்டாம். லாபம் வந்ததால்தானே தர்மமே நடக்கிறது!

உணவுக் கம்பெனியின் முதல் கடமை பாக்கெட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஈயம் அளவுக்கு மீறியிருப்பதாகக் கூறி, 2015 ஜூனில் மாகி நூடுல்ஸை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியாவுக்குச் சுமார் 64 கோடி ரூபாய் நஷ்டம். ஆகஸ்டில் பம்பாய் ஹைகோர்ட் தடையை ரத்து செய்தது. மறுபரிசோதனையில் தேறி, நவம்பரில் மாகி கடைக்குத் திரும்பியது. தடை நிலைக்கவில்லை, போன பணம் போனதுதான். குழந்தையின் தட்டில் சந்தேகம் விழுந்தால், எந்தத் தாயும் தர்மக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டாள் அல்லவா?

அடுத்த முறை பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். தேதி, சேர்மானங்கள், 14 இலக்க உரிம எண் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா? அப்புறம் அந்தத் தர்மத்தையும் மனமாரப் பாராட்டலாம்!