கொல்லிமலை ஏறும் காரின் சக்கரம்

வல்வில் ஓரியின் நாடெனப் பழம்புலவர் போற்றிய கொல்லிமலைக்கு இன்று காரவள்ளி அடிவாரத்திலிருந்து மோட்டார் சாலை செல்கின்றது. அச்சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. 1913ஆம் ஆண்டில் மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் மனைவியார் ஈவ்லின் அம்மையாரும் அம்மலையில் குடியேறியபோது, மேலே செல்வதற்கு நடையும் டோலியுமே துணை. இன்றோ நோயாளியும் மிளகு மூட்டையும் பலாப்பழமும் சக்கரத்தின் மேலேயே இறங்கி வருகின்றன. ஆதலின் அச்சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கைப் பற்றியும், அதனை வண்டியோடு பிணைக்கும் ஸ்டட் என்னும் திருகாணியைப் பற்றியும் நாம் சிறிது அறிந்திருத்தல் நலம்.

மாட்டு வண்டியில் இருசின் மேல் குடம் உராய்ந்தே சுழலும். வண்டிமை அவ்வுராய்வைக் குறைக்கும். கடையாணி சக்கரம் கழலாமற் காக்கும். உராய்வதை உருள்வதாக மாற்றினால் உழைப்பு மிகக் குறையும் என்பதே பேரிங்கின் தத்துவம். வேல்ஸ் நாட்டுப் பிலிப் வான் என்பார் 1794இல் வண்டி அச்சிற்குக் குண்டு பேரிங் அமைத்து உரிமைப் பட்டயம் பெற்றார். அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் 1898இல் கூம்புருளைப் பேரிங்கிற்கு அவ்வாறே உரிமை பெற்றார். இக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றின் முன்சக்கரத்தில், உள்வளையம் வெளிவளையம் என்னும் இரண்டிற்கும் இடையே இரு வரிசைக் குண்டுகள் கிரீஸோடு அடைக்கப்பட்டிருக்கும்.

நேர்ச்சாலையில் பேரிங் பெரும்பாலும் வண்டியின் எடையையே தாங்குகின்றது. வளைவிலோ நிலைமை வேறு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் கடக்கும் வண்டியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அதனைத் திருப்புதற்கு வேண்டிய பக்கவிசை அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்காகும். இவ்விசை டயர் நிலத்தைத் தொடும் இடத்திற் பிறப்பதால், சக்கரத்தின் ஆரமே நெம்புகோலாகிப் பேரிங்கைச் சாய்க்க முயல்கின்றது. எடையும் வெளிப்பக்கத்துச் சக்கரத்திற்கு மிகுதியாகச் சாய்கின்றது. ஏறுகையில் 70 முறையும் இறங்குகையில் 70 முறையும் இது நிகழும். இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதித்தால், அச்சூடு ஹப்பிற் பரவிக் கிரீஸையும் கெடுக்கும். சிறிய கியரில் இறங்குவது பிரேக்கிற்கு மட்டுமன்றிப் பேரிங்கிற்கும் காப்பாம்.

கெட்ட பேரிங் வேகத்தோடு வளரும் உறுமலால் தன்னை அறிவிக்கும். சமநிலத்துச் சாலையில், இடப்புறம் வளையும்போது உறுமல் மிகுந்தால் வலப்புறப் பேரிங்கையே முதலில் ஐயுறல் வேண்டும். பாரம் அங்கே சாய்கின்றதன்றோ? வண்டியை ஜாக்கியால் உயர்த்தி ஸ்டாண்டின் மேல் நிறுத்திச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகின்றதா என்று பார்க்கலாம். சுழற்றுகையில் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தால் கரகரப்புப் புலனாகும்.

இறுக்கிப் பொருத்தும் வகைப் பேரிங்கை மாற்றுகையில் முதலில் அச்சு நட்டைத் தளர்த்தி, பிரேக்கின் உறுப்புகளை அகற்றி, ஹப்பைப் பிரித்து, சர்க்கிளிப்பை எடுத்துப் பழைய பேரிங்கைப் பிரஸ்ஸினால் தள்ளுவர். புதியதைப் பொருத்துகையில் விதி ஒன்றே: எவ்வளையம் இறுக்கமாக நுழைகின்றதோ அவ்வளையத்தையே அழுத்தல் வேண்டும். வெளிக்கூட்டினுள் பேரிங்கைச் செலுத்துகையில் வெளிவளையத்தை அழுத்துக. ஹப்பைப் பேரிங்கினுள் செலுத்துகையில் உள்வளையத்தைத் தாங்குக. இது பிறழின் விசை முழுதும் குண்டுகளின் வழியே சென்று, அவை உருளும் பாதையிற் குழி விழும். புதிய பேரிங்கும் சில நாளில் உறுமும். அச்சு நட்டைப் புதிதாகவே இட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சினால் இறுக்கிய பின்னரே பாரத்தை அதன்மேல் இறக்குக.

ஹப் வெளியே இருக்கும் அவ்வேளையே ஸ்டட்டுகளை மாற்றுதற்கும் தக்க வேளை. ஸ்டட்டின் கழுத்திலுள்ள வரிப்பற்கள் ஹப்பின் துளையைக் கவ்விக்கொள்ளும். பிரஸ்ஸில் வைத்து நேராக அழுத்தி, தலை அடியில் முழுதும் படியும்வரை செலுத்துவர். நட்டை இட்டு இழுத்தே ஏற்றினால் மரை நீண்டு கெடுதல் கூடும். தடித்த சக்கரமோ ஸ்பேசரோ இடுவோர்க்கே நீண்ட ஸ்டட் வேண்டும். 15 மில்லிமீட்டர் ஸ்பேசர் இட்டால் ஸ்டட்டும் அவ்வளவு நீளல் வேண்டும். 12 மில்லிமீட்டர்ப் பருமனும் 1.25 மில்லிமீட்டர் மரையும் உடைய ஸ்டட்டில் நட்டு ஏறக்குறைய 10 சுற்றேனும் ஏறுதல் நன்று. ஆயின் வாய் மூடிய நட்டில் ஸ்டட் அளவின்றி நீண்டால், நட்டு சக்கரத்தை அழுத்துமுன் ஸ்டட்டின் முனையில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியதுபோற் தோன்றும். சக்கரமோ தளர்ந்தே இருக்கும். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளுவதால் பேரிங்கின் மேலுள்ள நெம்புவிசையும் மிகும் என்பதை அழகு கருதுவோர் நினைத்தல் தகும்.

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் குறுக்குவலிமை என்று பலர் கருதுவர். அஃதன்று. இறுக்கிய ஸ்டட் ஸ்பிரிங்கைப்போல் மிகச் சிறிதளவு நீண்டு, சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கின்றது; அவ்வழுத்தத்தால் எழும் உராய்வே சக்கரத்தை நிறுத்துகின்றது. துருவோ மண்ணோ வண்ணமோ இடையில் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி அழுத்தம் குறையும். சக்கரம் நுண்ணிதாக அசையும். ஸ்டட் வளைந்து வளைந்து களைத்து ஒடியும். எனவே முகங்களைச் சுத்தம் செய்து, மரைக்கு எண்ணெய் இடாது, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குதல் வேண்டும். சிறு கார்கள் பலவற்றிற்கு அளவு 100 நியூட்டன்-மீட்டரை ஒட்டியது. தம் வண்டிக்குரிய அளவைக் கையேட்டிற் காண்க. பட்டறையிலிருந்து நேரே மலையேறாது, சமநிலத்தில் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் இறுக்கம் பார்த்த பின்னரே காரவள்ளியைக் கடத்தல் அறிவுடைமை.

மலைச் சாலையில் ஒரு சக்கரம் கழன்றால் அவ்வண்டியில் உள்ளோர் மட்டுமல்லர், கீழ்வளைவில் வருவோரும் இடர்ப்படுவர். கண்ணுக்குப் புலப்படாத ஓருறுப்பைச் செம்மையாகப் பொருத்தும் பட்டறைத் தொழிலாளி, தாம் ஒருபோதும் காணாத பலரின் உயிரைக் காக்கின்றார். பௌதிகம் பயிலும் நம் மாணவர் அத்தொழிலாளியிடம் சென்று ஒரு நாள் நின்று காண்பாராயின், நெம்புகோலும் உராய்வும் ஏட்டிற்கு வெளியே எவ்வாறு உழைக்கின்றன என்பதைத் தெளிவாக அறிவர்.