மோட்டார் சைக்கிளும் இல்லத்துக் கருவிப் பெட்டியும்

மும்பையின் துறைமுக மின்சார ரயில் பாதையில், லோகமான்ய திலக் முனையத்துக்கு அணித்தே, செம்பூரைச் சார்ந்து அமைந்துள்ளது திலக் நகர். வீட்டு வசதி வாரியக் கட்டடங்கள் நிறைந்த இத்தகைய குடியிருப்புகளில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிக் கொட்டகை கிடைப்பது அரிது. கட்டடத்தின் ஓரத்திலோ மாடிப்படியின் கீழோ வண்டி நிற்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையும், கடற்காற்றில் கலந்துள்ள உப்பும் அதன் இரும்புப் பகுதிகளை இடைவிடாது அரிக்கின்றன. இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு உண்டாகும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால் அவ்விளைவு மேலும் விரைவுபடும். ஆதலின் வண்டியை வைத்திருப்போர் சில கருவிகளையும் அவற்றை முறையாகக் கையாளும் அறிவையும் பெற்றிருத்தல் இன்றியமையாதது. கருவிகள் பலவாக இருக்க வேண்டுவதில்லை. அவை பொருந்துவனவாகவும், அளந்து காட்டுவனவாகவும் இருத்தலே முக்கியமாகும்.

பொருந்தும் ஸ்பானர்

முதற்கண் வேண்டுவது ஸ்பானர். நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயுள்ள தூரமே மெட்ரிக் ஸ்பானரின் மீது மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய அமைப்பைப் பின்பற்றிய வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17 ஆகிய அளவுகள் பெரும்பாலும் போதும்; வேறு சில வண்டிகளுக்கு 13, 19 ஆகியனவும் தேவைப்படும். 12 அளவுள்ள நட்டின் மீது 13 அளவுள்ள ஸ்பானரை இட்டுத் திருப்பினால், விசை நட்டின் பக்கங்களிற் பரவாமல் மூலைகளில் மட்டும் விழும். மூலைகள் மழுங்கிய நட்டைப் பின்னர் எக்கருவியாலும் எளிதிற் கழற்றவியலாது.

1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் தொடக்க கால புல்லட் வண்டிகளில் பிரிட்டிஷ் அளவு நட்டுகள் அமைந்திருந்தன. அவற்றுக்குரிய விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண், போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பதேயன்றி ஸ்பானரின் வாயகலத்தைக் குறிப்பதன்று. பழைய வண்டி வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை அறியாமல் மெட்ரிக் ஸ்பானரை இட்டு நட்டுகளைக் கெடுத்துக் கொள்வது உண்டு.

வாய் திறந்த ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும். வளைய ஸ்பானரோ நட்டைச் சுற்றிலும் பற்றும். இறுகிய நட்டை முதலில் வளைய ஸ்பானரால் தளர்த்தி, எஞ்சியதைத் திறந்த ஸ்பானரால் கழற்றுதல் நன்று. திருப்புளியிலும் இக்கவனம் வேண்டும். நுனி, திருகாணித் தலையின் பள்ளத்தில் ஆடாமல் அமர்ந்த பின்னரே, கீழ்நோக்கி அழுத்தித் திருப்ப வேண்டும்.

விசையின் அளவு

நெம்புகோலின் தத்துவத்தை மாணவருக்கு விளக்க ஸ்பானரைவிடச் சிறந்த பொருள் வேறில்லை. விசையை நீளத்தாற் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டுக்குப் பொதுவாக ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பானரின் நீளம் 20 சென்டிமீட்டரானால், அதன் முனையில் 50 நியூட்டன், அஃதாவது சுமார் 5 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை போதுமானது. வளர்ந்த ஒருவரின் கை இதனைப் போல் சில மடங்கு விசையை எளிதில் தரும். எஞ்சினின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. எஃகு போல்ட்டை மிகையாக முறுக்கினால் அலுமினியத்தில் வெட்டிய மரை பிய்ந்துவிடும். “இன்னும் ஒரு சுற்று” என்ற எண்ணமே இவ்விழப்புக்குக் காரணம். இயன்றவர்கள் திருப்புத்திறனை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றை வாங்கி வைத்துக் கொள்வது நலம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற அதற்குரிய குழாய் ஸ்பானர் வேண்டும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்றுக. மீண்டும் பொருத்துகையில் முதற் சில சுற்றுகளை விரல்களாலேயே திருப்புக. மரை கோணலாக ஏறினால் விரல் உடனே உணரும், ஸ்பானர் உணராது. பிளக்கின் இடைவெளியை அளக்கத் தகடுகளாலான பீலர் கேஜ் பயன்படும். இடைவெளி எவ்வளவு என்பதை வண்டியுடன் தந்த கையேட்டிற் காண்க.

செயினும் சக்கரமும்

செயினைத் துடைத்து எண்ணெயிடும்போது எஞ்சின் கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சுழலும் செயினில் துணியைப் பிடிப்பது சிலரிடம் காணப்படும் வழக்கம். துணி பல்சக்கரத்தில் சிக்கினால் விரலும் உடன் செல்லும். கையை இழுக்கும் அவகாசமும் கிட்டாது. ஆகையால் கியரை நடுநிலையில் வைத்துச் சக்கரத்தைக் கையாற் சுழற்றுக. பின் அச்சை நகர்த்திச் செயினைச் சரிசெய்யும்போது இருபுறமுள்ள அடையாளக் கோடுகளும் ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணலாக நிற்கும். அச்சு நட்டை மீண்டும் இறுக்கிய பின்னர், பின் பிரேக் மிதியின் தளர்வையும் சோதிக்க மறவற்க.

டயரில் காற்று போதுமா என்பதைக் கட்டைவிரலால் அழுத்தி அறியவியலாது. சிறிய அழுத்தமானி ஒன்றை வாங்கி, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் வாரம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் மழைச் சாலையில் வண்டியின் நிலைப்பைக் குலைக்கும். மின்பகுதிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் ஈயஅமில பாட்டரி முழுமையாக நிரம்பி ஓய்விலிருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் சற்று வேகமாக ஓடுகையில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அளவு உயராவிடில் குறை பாட்டரியில் அன்று, மின்னேற்றும் பகுதியில் என்று கருதலாம். இவ்வொரு சோதனை புதிய பாட்டரிக்கான வீண் செலவைத் தவிர்க்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மும்பையின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வண்டியை உடனே இயக்கிப் பார்ப்பதே பெருந்தவறு. காற்றை அமுக்கலாம், நீரை அவ்வாறு அமுக்கவியலாது. சிலிண்டரில் நீர் நின்றால் மேலெழும் பிஸ்டன் அதன்மேல் மோத, இணைதண்டு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் பாட்டரி இணைப்பைக் கழற்றுக. பிளக்கை எடுத்துவிட்டு, கிக்கரை மெதுவாக மிதித்து நீரை வெளியேற்றுக. எஞ்சின் எண்ணெய் பால் போல வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. அதனை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றாமல் எஞ்சினை இயக்கலாகாது. இவற்றுக்கு வேண்டுவன சில ஸ்பானர்களும் ஓர் எண்ணெய்த் தட்டுமே. இவை வீட்டிலிருந்தால் பெருஞ்செலவில் முடியக்கூடிய கேட்டைத் தடுத்துவிடலாம்.

வீட்டில் செய்யலாகாதவை

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பே பெரும்பாலும் உள்ளது. அதன் குழாயில் பெட்ரோல் அழுத்தத்துடன் நிற்கும். அதனையும், ஏ.பி.எஸ். பிரேக்கின் உட்பகுதிகளையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. பெட்ரோலால் உறுப்புகளைக் கழுவுதலும் ஆகாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். மாடிப்படியின் கீழ் மின் மீட்டர்கள் உள்ள கட்டடத்தில் ஒரு பொறி எழுந்தாலும் முழுக் கட்டடத்துக்கும் தீங்கு நேரும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையிற் கொடுக்க வேண்டும்.

களப் பணியாளர் கிராமந்தோறும் செல்வதற்கு நம்பியிருப்பது பெரும்பாலும் இவ்வண்டியையே. ஞாயிறு காலை அரைமணி நேரம் கருவிப் பெட்டியைத் திறந்து காற்று, செயின், பிரேக், எண்ணெய் ஆகிய நான்கையும் பார்த்து வருவாராயின், வழியில் நின்றுபோகும் துன்பம் பெரிதும் குறையும். ஆசிரியர்களோ, அதே பெட்டியைக் கொண்டு நெம்புகோல், அழுத்தம், மின்னழுத்தம், துரு ஆகிய பாடங்களை மாணவர் கண்முன் நடத்திக் காட்டலாம்.