வாய் திறவாத முதலெழுத்து

ஆங்கிலத்தில் 'கே', 'என்' என்னும் இரண்டு எழுத்துகளைத் தலையிற் கொண்ட ஒரு சொற்கூட்டம் உண்டு. முழங்காலைக் குறிக்கும் 'நீ', முழந்தாளிடுதலாகிய 'நீல்', அறிதலாகிய 'நோ', கத்தியாகிய 'நைஃப்', முடிச்சாகிய 'நாட்', பின்னுதலாகிய 'நிட்', மாப் பிசைதலாகிய 'நீட்', தட்டுதலாகிய 'நாக்', விரற்கணுவாகிய 'நக்கிள்', இறந்தோர்க்கு ஒலிக்கும் மணியோசையாகிய 'நெல்', சிறு குன்றாகிய 'நோல்' ஆகிய அனைத்தும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றில் முதலெழுத்தை எழுத வேண்டும், ஒலித்தல் கூடாது. நம் வகுப்பறைகளில் "கே சைலன்ட்" என்ற இரண்டு சொற்களோடு இச்செய்தி முடிந்துவிடுகிறது. அந்த எழுத்து அங்கே ஏன் நிற்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு விடை கிடைப்பதில்லை.

விடை உண்டு. அவ்வெழுத்து ஒரு காலத்தில் முழங்க ஒலித்தது. 1400இல் மறைந்த பெரும்புலவர் சாசரின் நாவில், இன்று ஓர் உயர்பட்டமாக 'நைட்' எனப்படும் சொல் 'க்னிஹ்ட்' என்றே வழங்கியது. எழுதிய எழுத்தெல்லாம் ஏறத்தாழ ஒலித்த காலம் அது. கி.பி. 1016 முதல் 1035 வரை இங்கிலாந்தை ஆண்ட டென்மார்க்கு நாட்டு மன்னனின் பெயர் 'க்னூட்'. முடிச்சு என்பது அதன் பொருள். பிற்காலத்தில் அம்மெய்ம்மயக்கத்தின் இடையில் ஓர் உயிரைச் செருகிக் 'கனூட்' என்றனர். மொழிமுதலில் மெய்ம்மயக்கத்தை ஏலாத தமிழர்க்கு இவ்வழி புதிதன்று.

ககரம் அடிநா அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பது. னகரம் நுனிநா அண்ணத்தை ஒற்ற, மூக்கின் வளியிசை பெற்றுப் பிறப்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நா ஒரு நொடியில் தாவ வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் அத்தாவல் ஆங்கிலர் வாயில் தளரத் தொடங்கியது. ககரம் மெலிந்து மூச்சொலியாகி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அறவே மறைந்தது. முயற்சிச் சோம்பல் ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. உடன்பிறந்த செருமானியம் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றே ஒலிக்கிறது. அந்நாட்டுச் சிறுகுழந்தைகளும் அதை இடரின்றிச் சொல்கின்றனர். ஒலி மாற்றத்தின் வழியை மொழிநூல் திருத்தமாகக் காட்டும். ஒரு மொழி அவ்வழியில் இறங்க அதன் உடன்பிறப்பு இறங்காது நிற்பதற்குக் காரணம் கூறுவது அரிது.

ஒலி மறைந்த பின்னும் எழுத்து எவ்வாறு நிலைத்தது? வில்லியம் காக்சுடன் 1476இல் வெசுட்மினிசுட்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அன்று ககரம் உயிரோடிருந்தது. அச்சுக்கோப்போர் அதைக் கோத்தனர். ஒலி மாய்வதற்குள் எழுத்துமுறை இறுகிவிட்டது. 1755இல் சான்சன் தம் பேரகராதியை வெளியிட்டபோது, அச்சொற்களெல்லாம் பழைய கோலத்திலேயே அதில் ஏறின.

இக்கூட்டத்தில் என் நெஞ்சை மிகவும் கவர்பவை இரண்டு சொற்கள். ஒன்று 'நைட்', இன்று அது பிரித்தானிய அரசு வழங்கும் உயர்பட்டம். மற்றொன்று 'நேவ்', கயவன் என்பது பொருள். பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொருள் சிறுவன் என்பதே! சிறுவன் ஏவலாளன் ஆனான். ஏவலாளருள் மன்னனுக்காகப் படைக்கலம் ஏந்தியவனோடு முதற்சொல் குதிரையேறி உயர்ந்தது. அடுக்களையிலும் தொழுவத்திலும் உழைத்தவனோடு இரண்டாஞ்சொல் தங்கி, மேலோரின் இகழ்ச்சியால் கயமைப் பொருள் ஏற்றது. முன்னது உயர்பொருட்பேறு, பின்னது, நறுமணத்தையும் சுட்டிய நம் 'நாற்றம்' இழிந்தது போன்ற இழிபொருட்பேறு. செருமானியத்தில் 'க்னாபெ' இன்றும் சிறுவனே. 'க்னெஹ்ட்' இன்றும் ஏவலாளனே. பிறப்பால் ஒத்த இரு சொற்களைச் செல்வமும் வறுமையும் இவ்வாறு பிரித்திருக்கின்றன. பட்டத்திற்கு உரிய தகுதியோ கயவனுக்கு உரிய குற்றமோ அச்சொற்களின் வேரில் இல்லை.

இனி இன்னும் ஆழமாகத் தோண்டலாம். 1822இல் யாக்கோபு கிரிம் என்னும் செருமானிய அறிஞர் ஒரு நெறியை விளக்கி நிறுவினார்: இலத்தீனும் கிரேக்கமும் 'க்' என்பதைக் கங்கை என்பதன் முதலொலிபோல் அதிர்வோடு ஒலிக்கும் இடத்தில், ஆங்கிலம் உள்ளிட்ட செருமானியக் கிளைமொழிகள் அதிர்வில்லாத ககரத்தைக் கொள்ளும். முழங்கால் இலத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கோனு', வடமொழியில் 'ஜாநு'. நெடிய தோற்றமுடையவரை 'ஆஜானுபாகு' என்று நாம் சொல்வதுண்டு. முழங்கால்வரை நீண்ட கையினர் என்பது அதன் பொருள். அங்கே நிற்கும் 'ஜானு'வும் ஆங்கில 'நீ'யும் ஒரே வேரின் கிளைகள்.

அறிதலைக் குறிக்கும் 'நோ' என்பதற்கும் இவ்வுறவு உண்டு. அதன் வடமொழி உறவு 'ஜ்ஞா' என்னும் வேர். அவ்வேரிற் பிறந்த சொல் தமிழுக்கு வந்தபோது, நம் முன்னோர் மொழிமுதல் மயக்கத்தை ஏற்காமல், முதல் மெய்யை நீக்கி 'ஞானம்' என்றனர். ஆங்கிலரும் முதல் மெய்யை நீக்கி, மூக்கொலியையே நிறுத்தினர். தொடர்பில்லாத இரு மக்கள், ஒரே வேரிலிருந்து வந்த சொற்களை ஒரே வகையில் தம் நாவுக்கு இசைவித்திருக்கின்றனர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நாம் ஒலியை நீக்கியபோதே எழுத்தையும் நீக்கினோம்; அவர்கள் எழுத்தை வைத்துக்கொண்டனர்.

அவ்வெழுத்து வீண்சுமை என்று கூறும் எழுத்துச் சீர்திருத்தக்காரர்கள் உளர். நான் அவர்களோடு உடன்படவில்லை. ககரத்தை எடுத்துவிட்டால் செருமானியத்தோடும் இலத்தீனோடும் உள்ள உறவு கண்ணுக்கு மறையும். இரவாகிய 'நைட்'டும் பட்டமாகிய 'நைட்'டும் ஒரே எழுத்துக்கோவையால் எழுதப்படும்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். ஒப்புக்கொள்ளுதலைக் குறிக்கும் 'அக்னாலெட்ஜ்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முன்னே ஓர் உயிர் துணைநிற்பதால் ககரம் அங்கே தெளிவாக ஒலிக்கும். பிறகு முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் அழித்துவிட்டு, எஞ்சியதை மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். அறிவு என்னும் பொருளுடைய 'நாலெட்ஜ்' அங்கே நிற்கும். ககரம் அடங்கிப்போவதை அவர்களே கேட்பார்கள்.